பள்ளத்து நிரை

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை அவள் இரண்டு பிள்ளைகளையும் கையில் பிடித்துக்கொண்டு எங்கள் ஜெபவீட்டு வாசலில் வந்து நின்றபோது, நான் பாடிக்கொண்டிருந்த பாட்டின் அடுத்த அடி எனக்கு மறந்துபோனது. பாட்டை எடுத்துக்கொடுப்பவளே நான்தான். நான் நின்றதும் எல்லோரும் நின்றார்கள். எல்லோரும் வாசலைப் பார்த்தார்கள். என் தங்கை கெட்டிக்காரி. பழைய பாட்டை விட்டுவிட்டு வேகமான ஒரு பாட்டைத் தொடங்கிவிட்டாள். அவள் தட்டிய தட்டில் கூரைத் தகரம் அதிர்ந்தது.

எங்களுக்கு அது சின்ன விஷயமில்லை. ஓப்பநாயக்க டவுனிலிருந்து மேலே ஏறும் தோட்டத்தில், தொழிலாளர் குடியிருந்த பழைய லயத்தின் இரண்டு காம்பரா அறைகளை இடித்து ஒன்றாக்கி வெள்ளையடித்து ஜெபவீடு என்று வைத்திருக்கிறோம். மொத்தம் ஏழு குடும்பம். இந்த ஏழும் ஏழாகவே இருந்து எத்தனையோ வருடமாகிவிட்டது. பாஸ்டர் மாதத்தில் இரண்டு தடவைதான் பெல்மதுளையிலிருந்து மோட்டார் சைக்கிளில் வருவார். மற்ற வாரங்களில் நான்தான் ஆராதனை நடத்துவேன். "புது ஆத்துமாக்களைத் தாரும்" என்று ஒவ்வொரு வாரமும் ஜெபிப்பதும் நான்தான். கேட்டது வாசலில் வந்து நிற்கிறது. எனக்குக் கால் தரையில் படவில்லை.

பிள்ளைகளை முன்பாயில் உட்காரவைத்தேன். பெரியவளுக்குப் பாட்டுப் புத்தகம் கொடுத்தேன். சின்னவன் என் மடியிலேயே தூங்கிப்போனான். தாய் சுவரோரமாக உட்கார்ந்து, நாங்கள் எழுந்தால் எழுந்தாள், கண்ணை மூடினால் மூடினாள். நெற்றியில் விபூதி அழிந்த தடம் இன்னும் இருந்தது. வீட்டிலிருந்து வரும் வழியில் துடைத்திருக்கிறாள் என்று நினைத்து உருகிப்போனேன். இப்போது நினைத்தால் என்னை நானே இரண்டு அறை விடலாம் போலிருக்கிறது.

ஆராதனை முடிந்து எல்லோருக்கும் தேத்தண்ணியும் பணிஸும் கொடுத்தோம். என் தங்கை அவளுக்கு மட்டும் இரண்டு பணிஸ் வைத்தாள். அவள் ஒன்றைப் பிட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்தாள், மற்றதை முந்தானையில் முடிந்துகொண்டாள், பிறகு என் பக்கத்தில் வந்து நின்று மெதுவாகக் கேட்டாள்.

"கங்காணி அக்கா, நான் வந்துட்டேன்ல. நாளைக்கு மேல் நிரை குடுப்பீங்கதானே?"

எனக்கு முதலில் விளங்கவில்லை. என் தங்கைக்கு உடனே விளங்கிவிட்டது. அவள் அந்தப் பெண்ணின் முதுகைத் தடவிக்கொடுத்து, "அதெல்லாம் அக்கா பாத்துக்கிருவாங்க. நீ வாரா வாரம் தவறாம வா" என்றாள்.

அந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்ல வேண்டுமென்றால் நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று சொல்ல வேண்டும். எங்கள் டிவிஷனில் கொழுந்து எடுக்கும் பெண்கள் இருபத்துநாலு பேருக்கு நான் கங்காணி. கங்காணி வேலைக்குப் பெண்களைப் போடும் வழக்கம் எங்கள் தோட்டத்துக்குப் புதிது. முதலாவது ஆள் நான். பிளாஸ்டிக் உறை போட்ட கொப்பி, கழுத்தில் விசில், கையில் குடை. கொடுத்த அன்று அந்த விசிலை வீட்டுக்குள்ளே ஊதிப் பார்த்து வீட்டுக்காரரிடம் ஏச்சு வாங்கினேன். அவ்வளவு சந்தோஷம்.

காலையில் பெரட்டுக்களத்தில் எல்லோரும் கூடியதும், யார் யாருக்கு எந்த நிரை என்று பிரித்துக்கொடுப்பது கங்காணியின் வேலை. நிரை என்றால் மலையைச் சுற்றி வரிசை வரிசையாக ஓடும் தேயிலைச் செடிகள். எங்கள் பக்கத்து மலைகள் எல்லாமே ஒரே மாதிரி. மேலே ரோட்டோரத்து நிரைகள் சமதரை, செடி அடர்த்தி, கொழுந்து நிறுக்கும் மடுவமும் பக்கத்தில். கீழே போகப்போகச் சரிவு. கடைசியில் பள்ளம். பள்ளத்தில் பாதிச் செடி செத்திருக்கும், கல் வழுக்கும், அட்டை காலில் ஏறினால் முழங்கால் வரை போகும். எடுத்த கொழுந்துச் சாக்கைத் தலையில் மாட்டிக்கொண்டு அத்தனை உயரமும் ஏறி வந்து நிறுக்க வேண்டும். ஒரு நாளைக்கு இருபது கிலோ எடுத்தால் முழுப்பேர், முழுநாள் சம்பளம்; குறைந்தால் அரைப்பேர், பாதிச் சம்பளம். மேல் நிரையில் நிற்கிறவள் கதைபேசிக்கொண்டே முழுப்பேர் போடலாம். பள்ளத்தில் நிற்கிறவள் மூச்சுவிட நேரமில்லாமல் எடுத்தாலும் சந்தேகம்தான்.

மேல் நிரைகள் யாருக்குப் போயின என்று நீங்களே ஊகித்திருப்பீர்கள். என் தங்கை உட்பட ஜெபவீட்டுச் சகோதரிகள் ஏழு பேருக்கும், ஒரு நாள் தவறாமல்.

அது தப்பு என்று எனக்குத் தோன்றவே இல்லை. அதுதான் வேடிக்கை. புதன்கிழமை உபவாசமிருந்துவிட்டு வெறும் வயிற்றோடு வருகிறார்கள், பாவம், பள்ளத்தில் மயங்கி விழுந்தால் என்ன செய்வது என்று நினைத்தேன். ஒரே விசுவாசக் குடும்பம், ஒருவரையொருவர் தாங்க வேண்டும் என்று நினைத்தேன். எனக்கு அதற்கு அன்பு என்றுதான் பெயர். மற்ற பதினேழு பேருக்கும் நான் கெடுதல் செய்யவில்லையே, மீதியிருந்ததைத்தானே கொடுத்தேன்.

இதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. அதற்கு இரண்டு வாரத்துக்கு முன்னால்தான் பெண்கள் கூட்டத்தில் பட்சபாதம் என்ற தலைப்பில் நான் வேதபாடம் நடத்தியிருந்தேன். நல்ல பாடம், சும்மா சொல்லவில்லை. டவுனில் ஒரு சபையில் மாணிக்கக்கல் முதலாளி வந்தால் மின்விசிறிக்குக் கீழே கதிரை போடுகிறார்கள், நாம் போனால் கதவோரத்து வாங்குப் பலகையைக் காட்டுகிறார்கள் என்று உதாரணம் சொன்னேன். முதலாளி கால்மேல் கால் போட்டு உட்காரும் விதத்தையும் செய்துகாட்டினேன். சகோதரிகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஏழு பேரும் ஆமென் சொன்னார்கள். மறுநாள் காலை ஏழு பேருக்கும் மேல் நிரை கொடுத்தேன்.

இனி அவளைப் பற்றி. கீழ் லயத்துக்கு மருமகளாக வந்தவள். புருஷன் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை, வருவதும் தெரியாது போவதும் தெரியாது. மாமியார் இருந்தவரை அவர் பெயரில் காம்பரா ஓடியது. மாமியார் தவறியதும் சிக்கல் வந்தது. வீட்டில் ஒருவராவது தோட்டத்தில் பதிவுள்ள ஆளாக இருக்க வேண்டும், இல்லையென்றால் காம்பராவை விட வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அதனால் கொழுந்துக்கு வந்தாள். மலையைப் பார்க்கும் ஐயா அவளுக்கு மூன்று மாதத் தவணை கொடுத்திருந்தார். முழுப்பேர் போடுகிற ஆள் என்று தெரிந்தால் பதிவு, இல்லையென்றால் இல்லை. அந்தக் காம்பராவுக்கு இன்னொரு குடும்பம் ஏற்கெனவே காத்திருந்தது.

புது ஆள் என்றால் பள்ளம். அது எங்கள் வழக்கம், நானும் மாற்றவில்லை. கை பழகாதவளை மலையிலேயே மோசமான இடத்தில் இரண்டரை மாதம் நிறுத்தியிருந்தேன். அரைப்பேர் மேல் அரைப்பேர் விழுந்தது. ஜெபவீட்டுக்கு வருவதற்கு முதல்நாள், சனிக்கிழமை, ஐயா அவளைக் கூப்பிட்டு, என் முன்னால்தான் சொன்னார்.

"இன்னும் பன்னெண்டு வேலநாள் இருக்கு. இனி ஒரு நாளாவது அரைப்பேர் விழுந்துச்சுன்னா என்கிட்ட வராத."

அன்று சாயங்காலம் அவள் உட்கார்ந்து யோசித்திருக்கிறாள். மேல் நிரைக்காரர்கள் யார் யார் என்று விரல்விட்டு எண்ணியிருக்கிறாள். அவர்களெல்லாம் ஞாயிற்றுக்கிழமை எங்கே போகிறார்கள் என்று நினைத்துப் பார்த்திருக்கிறாள். நெற்றியைத் துடைத்துக்கொண்டு பிள்ளைகளோடு கிளம்பி வந்துவிட்டாள். அவள் கணக்கில் ஒரு பிழையும் இல்லை. நான் எழுதிப் போடாத சட்டத்தை அவள் எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டாள்.

எனக்கு வெட்கம் வந்தது. அதற்கும் முதலில் கோபம் வந்தது, அவள் மேல், தங்கை மேல், பணிஸ் மேல்கூட. பிறகுதான் வெட்கம். காதெல்லாம் சூடேறிவிட்டது.

"இங்க வர்றதுக்கும் நிரைக்கும் சம்பந்தமே இல்ல பிள்ள" என்றேன்.

அவள் தலையாட்டினாள். தோட்டத்துத் துரை வந்து "எல்லாரும் எனக்கு ஒண்ணுதான்" என்று பேசும்போது நாங்கள் ஆட்டுகிற அதே ஆட்டு.

அவள் போனதும் சகோதரிகளைப் பிடித்து உட்காரவைத்தேன். "அன்னைக்கி மின்விசிறிக்குக் கீழ இருந்த மொதலாளியப் பாத்துச் சிரிச்சோமே, அது வேற யாருமில்ல, நாமதான்" என்றேன். ஒருவரும் சிரிக்கவில்லை. நாளையிலிருந்து சீட்டுப் போட்டுத்தான் நிரை என்றேன். தங்கை பணிஸ் தட்டைத் தூக்கி அப்பால் வைத்தாள்.

"நீ கங்காணியாகணும்னு நாங்க மூணு மாசம் ஒபவாசம் இருந்தோம்க்கா" என்றாள். "அவ ஒரு நாள் வந்தா. ஒனக்கு அவ பெருசாப் போயிட்டாளா?"

உண்மையாகவே உபவாசம் இருந்தார்கள்.

ஆனால் வீட்டுக்குப் போகிற வழியிலேயே எனக்குள் ஒரு குறுகுறுப்புத் தொடங்கிவிட்டது. சீட்டு எதில் செய்வது, எப்படி மடிப்பது, யார் முதலில் எடுப்பது. போன வருடத்துக் கலண்டர் மட்டையை எடுத்து வைத்துக்கொண்டு இருபத்துநாலு துண்டு வெட்டினேன். ஒன்றிலிருந்து இருபத்துநாலு வரை மார்க்கரால் எழுதினேன். ஒன்று என்றால் ரோட்டோரம், இருபத்துநாலு என்றால் பள்ளம். பால்மா டின் ஒன்றைக் கழுவிக் காயவைத்து அதில் போட்டுக் குலுக்கினேன். அந்தச் சத்தம் அப்படியொரு நல்ல சத்தம். வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "விசில் முடிஞ்சு இப்ப டின்னா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

திங்கட்கிழமை பெரட்டுக்களத்தில் டின்னைத் தூக்கிக் காட்டி, இனி சீட்டுத்தான் என்றேன். வழக்கம்போல் சகோதரிகள் ஏழு பேரும் ரோட்டுப் பக்கமாகவே நின்றார்கள். நான் சொல்லி முடித்ததும் களமே கலகலத்துவிட்டது. தள்ளுகிறார்கள், சிரிக்கிறார்கள், ஒருத்தி சீட்டை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறாள், இன்னொருத்தி பிரிக்கப் பயந்து அடுத்தவளிடம் கொடுக்கிறாள். பக்கத்துக் கிராமத்திலிருந்து வேலைக்கு வரும் சிங்கள அக்கா ஒருவர் உண்டு, பத்து வருடமாகக் கீழ் நிரையைத் தவிர வேறொன்றைக் கண்டதில்லை. அவருக்கு நாலு விழுந்தது. சீட்டை எல்லோருக்கும் உயர்த்திக் காட்டி, "மேக தமா ஹரி வெடே" என்றார். இதுதான் சரியான வேலை என்று அர்த்தம்.

என் தங்கைக்கு இருபத்துமூன்று. அவள் சீட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், படங்குச் சாக்கை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு இறங்கினாள். அன்று முழுக்க மடுவத்தில் அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. அரைப்பேர்தான் விழுந்தது.

அந்தப் பெண்ணுக்கு ஒன்பது. அன்று இருபத்தொரு கிலோ. தராசின் சிவப்பு எண்ணை அவள் நம்பாமல் இரண்டு தரம் குனிந்து பார்த்தாள்.

ஐயா மத்தியானம் வந்து டின்னைத் திறந்து பார்த்தார். "இது தோட்டமா, லொத்தர் கடையா?" என்றார். "கொழுந்து கொறஞ்சிச்சுன்னா இத தூக்கித் தண்ணிக் கான்ல போட்டுருவேன்." கொழுந்து குறையவில்லை. மேல் நிரையே கிடைக்காது என்று கையை மெதுவாக ஓட்டிக்கொண்டிருந்தவர்களெல்லாம், நாளைக்கு எனக்கு விழலாம் என்ற நினைப்பில் நாலு மணிக்கும் சுறுசுறுப்பாக எடுத்தார்கள். அவரும் டின்னை விட்டுவைத்தார்.

அந்த வாரம் முழுதும் எனக்குக் காய்ச்சல்காரி மாதிரிதான். காலையில் டின், மத்தியானம் நிறுவை, சாயங்காலம் நிறுவை. அவளுக்கு என்ன விழுகிறது, எத்தனை கிலோ வருகிறது என்பதிலேயே உயிர் கிடந்தது. செவ்வாய் பதினாறு, அப்படியும் சரியாக இருபது கிலோ. புதன் ஐந்து. வியாழன் இருபத்தொன்று, அன்று மாலை நிறுவையில் கடைசி ஒரு கிலோ வரும்வரை நான் விரலைக் கடித்துக்கொண்டு நின்றேன். வந்துவிட்டது. வெள்ளி, சனி, தாண்டினாள். ஞாயிறு மறுபடியும் ஜெபவீட்டுக்கு வந்தாள், பிள்ளைகளுக்குத் தோய்த்த சட்டை போட்டு. நான் சொன்னதை அவள் நம்பவில்லை என்று அப்போது தெரிந்தது. வராதே என்று எப்படிச் சொல்வது? பாட்டுப் புத்தகத்தைக் கொடுத்தேன்.

இரண்டாவது வாரத்தில் எனக்கே ஒரு சோதனை வந்தது. கலண்டர் மட்டையில் ஒரு துண்டு மட்டும் படம் உள்ள பக்கத்திலிருந்து வெட்டியது, தொட்டால் வழுவழுவென்று இருக்கும். அதுதான் முதலாம் நம்பர். டின்னுக்குள் கைவிட்டால் கண்ணை மூடிக்கொண்டே எடுக்கலாம். இது எனக்கு மட்டுமே தெரியும். அவள் காதில் ஒரு வார்த்தை போட்டால் போதும். எத்தனை தரம் வாய்வரை வந்தது தெரியுமா. பாவப்பட்டவளுக்குச் செய்தால் அதற்குப் பட்சபாதம் என்று பெயரா என்று ஆண்டவரிடமே சண்டை பிடித்தேன். அந்தப் பதினேழு பேரில் பாவப்படாதவள் யார் என்ற கேள்விதான் திரும்ப வந்தது. புருஷன் குடித்துவிட்டு அடிப்பவள் இருந்தாள். ஒற்றைச் சிறுநீரகத்தோடு மலையேறுபவள் இருந்தாள். அவர்களை நான் ஒரு நாளும் எண்ணிப் பார்த்ததில்லை. அன்றைக்கே அந்த வழுவழுப்புத் துண்டைக் கிழித்துப் போட்டுவிட்டு, மற்றவற்றைப்போல வேறொன்று வெட்டினேன்.

கடைசி நாள், இரண்டாவது சனிக்கிழமை. அதுவரை அவளுக்கு ஒரு அரைப்பேரும் விழவில்லை. விடியலிலிருந்து மழை. அன்றைக்கு ஏழாம் நம்பர் மலையின் முறை; எங்கள் டிவிஷனில் அதன் பள்ளத்தைவிடக் கெட்ட பள்ளம் கிடையாது. எல்லோரும் றப்பர் சீற்றைத் தலையில் போட்டுக்கொண்டு டின்னைச் சுற்றி நின்றார்கள். விஷயம் அதற்குள் எல்லோருக்கும் தெரியும். அவள் கையை விட்டாள், எடுத்தாள், பிரித்தாள்.

இருபத்துநாலு.

சிங்கள அக்கா "அனே" என்று பரிதவித்தார். டின்னை அந்த இடத்திலேயே வீசிவிடலாம் போலிருந்தது. நல்ல நியாயம் கொண்டுவந்தேன் நான், ஒருத்தியின் வீட்டைப் பறிக்கிற நியாயம்.

அப்போது என் தங்கை முன்னால் வந்தாள். இரண்டு வாரமாக என்னோடு பேசாத தங்கை. அவள் கையில் மூன்றாம் நம்பர் சீட்டு இருந்தது.

"இத அவளுக்குக் குடுத்துரு அக்கா. நான் எறங்குறேன்."

அவளைக் கட்டிப்பிடித்து அழ வேண்டும் போலிருந்தது. வாங்கக் கையை நீட்டிவிட்டேன். ஆனால் அவள், அந்தப் பெண், தலையை ஆட்டினாள்.

"வேணாங்கக்கா. ரெண்டரை மாசமா எல்லா மலையிலயும் பள்ளத்துலதான் நின்னேன். எந்தச் செடியில கொழுந்து கெடக்குன்னு எனக்குத் தெரியும். மேல எனக்குத் தெரியாது."

சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

மத்தியான நிறுவையில் ஒன்பது கிலோ. இன்னும் பதினொன்று வேண்டும். மழை விடவில்லை. நான் ரோட்டில் நின்று எட்டி எட்டிப் பார்த்தேன், மூடுபனியில் ஒன்றும் தெரியவில்லை. மற்றவர்கள் அவரவர் நிரையை முடித்துவிட்டு மடுவத்தில் வந்து கூடிவிட்டார்கள். வீட்டுக்குப் போங்கள் என்றால் போகவில்லை. தேத்தண்ணிப் போத்தலைக் கைமாற்றிக்கொண்டு எல்லோரும் பள்ளத்துப் பாதையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கோயில் பெண்கள், ஜெபவீட்டுப் பெண்கள், கிராமத்து அக்கா, யார் பக்கத்தில் யார் நிற்கிறோம் என்று ஒருவரும் பார்க்கவில்லை.

கடைசியில் சாக்குதான் முதலில் தெரிந்தது. பிறகு அவள். ஒரு காலில் செருப்பில்லை, கெண்டைக்காலில் இரத்தம் ஓடுகிறது, அட்டையைப் பிடுங்கக்கூட நிற்கவில்லை. ஐயா தானே சாக்கைத் தூக்கித் தராசில் வைத்தார். எண் ஓடியது, தடுமாறியது, நின்றது. பதின்மூன்று.

இருபத்திரண்டு கிலோ. அன்றைக்கு மேல் நிரையில் நின்ற சிலருக்கே அவ்வளவு வரவில்லை. நான் விசிலை எடுத்து ஊதினேன். ஏன் ஊதினேன் என்று தெரியாது. எல்லோரும் ஒரே கூச்சல். தங்கை அவள் காலடியில் உட்கார்ந்து உப்பைத் தேய்த்து அட்டைகளைத் தட்டிவிட்டாள். ஐயா கூச்சலைக் கண்டுகொள்ளாதவர்போலக் கொப்பியைப் புரட்டி, திங்கட்கிழமை பதிவுக்கு அடையாள அட்டையை எடுத்துக்கொண்டு ஒபிசுக்கு வா என்றார். அவள் அழவில்லை. வேலைநேரத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவில் விட்டிருந்த சின்னவனைக் கூட்டிவர ஓடினாள்.

மறுநாள் ஞாயிறு. அவள் ஜெபவீட்டுக்கு வரவில்லை.

முதல் பாட்டு, இரண்டாவது பாட்டு, காணிக்கை. வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஜெபநேரத்தில் கீழே மாரியம்மன் கோயில் மணி கேட்டது. அங்கே அவள் தேங்காய் உடைத்துக்கொண்டிருக்கிறாள் என்று பிறகு ஒருத்தி செய்தி கொண்டுவந்தாள். நேர்த்தி வைத்திருந்தாளாம்.

"காரியம் முடிஞ்சிச்சு, போயிட்டா" என்றார் ஒரு சகோதரி.

எனக்கும் சுருக்கென்றது, மறைக்கவில்லை. சின்னவன் என் மடியில் தூங்கியிருக்கிறான். அந்த ஆத்துமாக்கள் மூன்றும் எங்களுக்கே என்று மனம் எண்ணி வைத்துவிட்டது. அவள் நெற்றியைத் துடைத்துக்கொண்டு வந்தபோது உருகிய மனம், துடைக்காமல் அவள் தன் கோயிலுக்குப் போனபோது ஏன் சந்தோஷப்படவில்லை என்று நாள் முழுக்க என்னையே குடைந்தேன். சாயங்காலம் ஆகும்போது கொஞ்சம் தெளிந்தது. அவள் பயமில்லாமல் போயிருக்கிறாளே, அது போதும், டின் தன் வேலையைச் செய்துவிட்டது என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

திங்கட்கிழமை பெரட்டுக்களத்தில் டின் சுற்றியது. எல்லோரும் எடுத்தார்கள், பிரித்தார்கள், வழக்கமான கேலியோடு கிளம்பினார்கள். டின்னை மூடப்போனேன். உள்ளே ஒரு சீட்டு கிடந்தது.

நிமிர்ந்து பார்த்தேன். அவள் களத்தின் கீழ் ஓரத்தில், பள்ளத்துக்கு இறங்கும் பாதையில் நின்றாள். படங்கைக் கட்டியாயிற்று. சாக்கை மாட்டியாயிற்று. ஒரு காலை ஏற்கெனவே கீழே வைத்துவிட்டாள்.

"ஏ பிள்ள, சீட்டு எடுக்காம எங்க போற?"

"நேத்து நான் ஜெபத்துக்கு வரலயேங்கக்கா" என்றாள். "நானே எறங்கிக்கிறேன்."

அவள் குரலில் குறை எதுவும் இல்லை. மழை பெய்தால் நனைய வேண்டும் என்பதுபோலச் சொன்னாள். அதுதான் என்னை வெட்டியது. பன்னிரண்டு நாள் இருபத்துநாலு பேருக்கு முன்னால் டின்னைக் குலுக்கியிருக்கிறேன். அவளுக்கு மட்டும் நான் இன்னும் ஜெபத்துக்கு நிரை விற்கிற கங்காணிதான். அவள் பள்ளத்தைத் தனக்குத் தானே எழுதிக்கொண்டுவிட்டாள்.

கத்திக் கூப்பிட மனம் வரவில்லை. நானே இறங்கிப் போனேன். வழுக்கலில் ஒரு தரம் உட்கார்ந்தும்விட்டேன். மேலேயிருந்து யாரோ சிரித்தார்கள். எழுந்து போய் டின்னை அவளுக்கு முன்னால் நீட்டினேன்.

"கைய விடு."

விட்டாள். ஒரே ஒரு சீட்டு. பிரித்துப் பார்த்தாள். இரண்டு. ரோட்டோரம், மடுவத்துக்குப் பக்கம்.

சீட்டை மடித்து என்னிடமே திருப்பி நீட்டினாள். வாங்கிக்கொள்வேன் என்று நினைத்தாள். நான் வாங்கவில்லை. கொப்பியைத் திறந்து அவளுடைய பெயருக்கு நேரே இரண்டு என்று எழுதி, அவள் பார்க்கும்படி பிடித்தேன்.

"நேரமாச்சு, ஏறு" என்றேன்.

அவள் முன்னால் ஏறினாள். நான் அவள் பின்னால் ஏறினேன்.